ஆகாஷ் வாங்கிய டர்போ

நாச்சியாபுரம்
4.8.2024

அன்புள்ள நாகவல்லிக்கு,

நீ போனை அணைத்து வைத்திருப்பதால் கடிதம் எழுதுகிறேன். திண்டுக்கல்லில் இருந்து போலீஸ்காரர் கூப்பிட்ட அந்தக் காலைக்குப் பிறகு, போன் மணி அடித்தாலே நீ எழுந்து வெளியே போய்விடுகிறாய் என்று உன் மதினி பாண்டீஸ்வரி சொன்னது. உன் அண்ணன் போனில் உன்னைக் கூப்பிடச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கடிதம் என்றால் உனக்குத் தோன்றும்போது பிரித்துக்கொள்ளலாம். பிரிக்காமலும் இருக்கலாம்.

நான் டூட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பழைய காரைக்குடி – திருப்பத்தூர் வண்டிதான். இன்னும் கொஞ்ச நாள் லீவில் இருக்கச் சொல்லி டெப்போவில் எல்லோரும் சொன்னார்கள். வீட்டில் இருந்து என்ன செய்வது? பிள்ளையை பஸ்ஸில் பறிகொடுத்துவிட்டு பஸ் ஓட்டுவது கஷ்டமாக இல்லையா என்று கண்டக்டர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். கஷ்டமாக இல்லை. எதுவாகவும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை தன்பாட்டில் ஓட்டுகிறது.

நீ கிளம்பிப் போன காரணம் எனக்குத் தெரியும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், போலீஸ் ஸ்டேஷனில் இருந்து ஆகாஷின் பையை வாங்கி வந்தேன். அந்த ஆம்னி பஸ்ஸின் முன்பக்கமே இல்லை. லாரிக்குள் போய்விட்டது. ஆனால் பைக்குள் இருந்த அட்டைப்பெட்டி நசுங்கவில்லை. திறந்தால், காரின் வேகத்தைக் கூட்ட அவன் கோயம்புத்தூர் போய் வாங்கி வந்த டர்போ. ஒரு கீறல் இல்லை. தூசியாக இருந்தது, தோளில் கிடந்த துண்டால் துடைத்தேன். நீ அடுப்படி வாசலில் நின்று பார்த்தாய். மறுநாள் காலையில் உன் அண்ணனோடு கல்லலுக்குப் போய்விட்டாய்.

இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் சின்ன கார் காரைக்குடியில் ஆகாஷின் கூட்டாளி அக்ஷயின் பட்டறையில் அப்படியே நிற்கிறது. டர்போ மாட்டுவதற்காக அவனும் ஆகாஷும் ஞாயிற்றுக்கிழமைகளில் கழற்றிப்போட்டது. முன்பக்க பம்பர் இல்லை, இன்ஜினில் சைலன்சர் பக்கம் பாதி கழன்று கிடக்கிறது. ஓட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. அக்ஷய் என்னிடம் கேட்கத் தயங்கித் தயங்கி நேற்று கேட்டுவிட்டான். "மாமா, பழையபடி மாட்டிரவா, இல்ல அவன் நெனச்ச மாதிரி முடிச்சிரவா?" என்றான். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

உன் பதிலைப் பார்த்துத்தான் எதுவும் செய்வேன்.

சேவுகப்பெருமாள்


கல்லல்
11.8.2024

ஆகாஷ் அப்பாவுக்கு,

கடிதத்தைப் பிரித்துவிட்டேன்.

துடைத்ததை நீங்களே எழுதிவிட்டதால் நான் அதைப் பேச மாட்டேன் என்று நினைக்க வேண்டாம். என் பிள்ளையை வெள்ளைத் துணியில் இறுக்கிச் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். முகம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. குளிப்பாட்ட விடவில்லை, தொட விடவில்லை. அவன் காது ஓரத்தில் மண் இருந்தது. அதைத் துடைக்கிறேன் என்றேன், உங்கள் சித்தப்பா என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். நீங்கள் அந்த இரும்பை எடுத்து வைத்து, மூலை முடுக்கெல்லாம் துண்டை விட்டுத் துடைத்தீர்கள்.

அப்பாவும் மகனும் ஒரு கட்சி. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு பேர் தலையும் அவன் போனுக்குள் இருக்கும். எவனோ எந்த ஊரிலோ காரில் டர்போ மாட்டி ஓட்டுவான், அதைப் பார்த்துக்கொண்டு சோறு ஆறிப்போகும். "இருக்கிற வேகம் பத்தாதா?" என்று கேட்டால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பீர்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

கோயம்புத்தூர் கடைக்காரர் பார்சலில் போடுகிறேன் என்றுதான் சொன்னார். "பழைய சாமான், நேர்ல போய் சுத்திப் பாத்து வாங்கிட்டு வா" என்று சொன்னது நீங்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். துக்கம் கேட்க வருகிறவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். நான் அவர்கள் முதுகைத் தடவிக் கொடுக்கிறேன். "அழுதுரு நாகு, அடக்கி வைக்காத" என்கிறது மதினி. அடக்கவெல்லாம் இல்லை. வெங்காயம் உரித்தால் வருகிறது, இதற்கு வரவில்லை.

அதைக் கிணற்றில் போடுங்கள். காரைப் பழையபடி மாட்டச் சொல்லி விற்றுவிடுங்கள். இனி அதைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

நாகவல்லி


நாச்சியாபுரம்
25.8.2024

அன்புள்ள நாகவல்லிக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னதை எழுதுகிறேன்.

நேரில் போய்ப் பார்த்து வாங்கச் சொன்னது நான்தான்.

நீ சொன்னபடி டர்போவைத் தோட்டத்துக் கிணற்றுக்குக் கொண்டுபோனேன். சுவர்மேல் வைத்தேன். நத்தைக் கூடு மாதிரி இரண்டு பக்கமும் சுருண்டு, நடுவில் ஒரு தண்டு. இரண்டு முனையிலும் சின்ன விசிறி. விரலால் ஒன்றைத் தட்டினால் மற்றதும் சேர்ந்து சுற்றுகிறது, சத்தமே இல்லை. ஆகாஷ் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறான். "வெளிய வீணாப் போற புகைதாம்ப்பா இந்தப் பக்கத்தச் சுத்தும். இது சுத்துனா அந்தப் பக்கம் காத்தப் பிடிச்சு இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து கூடுனா பெட்ரோலு கூட எரியும். அம்புட்டுத்தான்." இதைச் சொல்லும்போது இரண்டு கையையும் நத்தை மாதிரி குவித்துக் காட்டினான்.

நிறைய நேரம் நின்றேன். பிறகு எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். மறுநாள் டூட்டிக்குப் போகிற வழியில் அக்ஷயிடம் கொடுத்து, மாட்டி முடிக்கச் சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்டுத்தான் செய்வேன் என்று எழுதினேன். கேட்டேன். நீ வேண்டாம் என்றாய். அதன் பிறகும் செய்தேன். அந்தக் கார் வாயைத் திறந்துகொண்டு பாதியில் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அவன் கழற்றிவைத்த போல்ட்டுகள் ஒரு டீ டம்ளரில் கிடக்கின்றன.

சேவுகப்பெருமாள்


கல்லல்
8.9.2024

ஆகாஷ் அப்பாவுக்கு,

செய்துவிட்டீர்கள். சரி.

அண்ணன் கேட்ட கேள்விகளை எழுதுகிறேன். இன்ஜினை இப்படி மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒத்துக்கொள்வார்களா? பிடித்தால் வண்டியை எடுத்துக்கொள்வார்கள், ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கிடையாது என்கிறது. நீங்கள் அரசு பஸ் ஓட்டுகிறவர். லைசென்ஸில் ஒரு புள்ளி விழாமல் இத்தனை வருஷம் ஓட்டியவர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா?

"இந்தக் கருத்தையா தங்கச்சி இங்க இருந்தா யாருக்கு என்ன? எம்புட்டு நாளானாலும் இரு" என்று அண்ணன் சொல்லிவிட்டது. மதினி பின்கட்டு அறையில் இருந்த உர மூட்டைகளை எடுத்து வெளியே போட்டு, வெள்ளையடித்துக் கொடுத்திருக்கிறது. நானும் மறுத்துச் சொல்லவில்லை. ஸ்டேஷன் பக்கம் என்பதால் ரயில் போகிற சத்தம் கேட்கும். முன்பெல்லாம் வந்தால் அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. இப்போது ரயில் போனதா இல்லையா என்றே தெரிவதில்லை.

நீங்கள் ஓட்டுங்கள். அந்த வண்டியில் உங்களுக்கும் ஏதாவது ஆனால் எனக்கு எப்படித் தகவல் வரும் என்று யோசித்தேன். என் போன்தான் அணைந்து கிடக்கிறதே. அண்ணனுக்குத்தான் வரும். அண்ணன் வெளியே போய் நின்று பேசிவிட்டு உள்ளே வரும், மதினியைத் தனியாகக் கூப்பிடும், அதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். இப்படி எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அரிசி களைந்துகொண்டே நினைத்தேன், களைந்து முடித்து உலையில் போட்டேன்.

இப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது?

நாகவல்லி


நாச்சியாபுரம்
6.10.2024

அன்புள்ள நாகவல்லிக்கு,

வேலை முடிந்துவிட்டது. அக்ஷய் அவசரப்படவில்லை. இன்ஜினில் இருந்து புகை வருகிற குழாயைப் புதிதாக வெல்டிங் செய்தான். முன்னால் காற்றைக் குளிரவைக்கிற ஜன்னல் மாதிரி ஒன்றை மாட்டினான். மதுரையில் இருந்து ஒருவர் லேப்டாப்போடு வந்து, எந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று காருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். "அழுத்தத்தக் கொறைச்சுத்தான் வச்சிருக்கேன் மாமா. கூட்டுனா இந்த இன்ஜின் தாங்காது" என்றான் அக்ஷய்.

மச்சான் கேட்டது நியாயம். ரோட்டில் ஓட்ட இதற்கு அனுமதி வாங்குவது லேசில்லை. ஆகாஷும் ரோட்டில் ஓட்டுவதாக இல்லை. கோயம்புத்தூரில் பந்தயத்துக்கென்று போட்ட தடத்தில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும், அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் அவன் சொன்னது.

நேற்று விடிந்ததும் அக்ஷயும் நானும் திருச்சி பைபாஸில் ஓட்டிப் பார்த்தோம். மிதித்தவுடன் எதுவும் நடக்கவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் பழைய வண்டி மாதிரியே போகிறது. அப்புறம் எங்கோ விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், அதன்பின் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது. ஆகாஷ் சொன்னது எல்லாம் உண்மை.

அக்ஷய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் கியரை மாற்றினேன், இன்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டினேன். எனக்கு ஏதாவது வரும் என்று நினைத்துத்தான் இவ்வளவும் செய்தேன் போலிருக்கிறது. வரவில்லை. நல்லாயிருக்கு என்று அக்ஷயிடம் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் இருந்து, நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு ஏதோ என்று தெரிந்தது.

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி மூடிவைத்திருக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

சேவுகப்பெருமாள்


கல்லல்
20.10.2024

ஆகாஷ் அப்பாவுக்கு,

வேறு விசேஷம் இல்லை என்று எழுதிவிட்டீர்கள். அதன் பிறகு நடந்த விசேஷத்தை உங்கள் கண்டக்டர், என் அண்ணனைக் காரைக்குடி சந்தையில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

குன்றக்குடியில் கோயிலுக்கு இறங்குகிற கூட்டம் படிக்கட்டு வரை வந்து நின்றதாம். நீங்கள் நிறுத்தவில்லை. கண்டக்டர் விசில் அடித்தார், அப்போதும் நிறுத்தவில்லை. அடுத்த நிறுத்தத்தில் கை காட்டியவர்களைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அதற்கடுத்ததும் அப்படியே. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி கத்தியிருக்கிறாள், ஆட்கள் பஸ்ஸின் தகரத்தைத் தட்டியிருக்கிறார்கள். கண்டக்டர் முன்னால் வந்து உங்கள் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் பிரேக்கை மிதித்தீர்களாம். கேட்டதற்கு, "விசில் கேக்கலையே" என்று அமைதியாகச் சொன்னீர்களாம். வேகமாகப் போகவில்லை, யார் மேலும் இடிக்கவில்லை, ரோட்டை விட்டு ஒரு அங்குலம் விலகவில்லை, அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது என்றாராம். டெப்போவில் உங்களை மெடிக்கல் லீவில் அனுப்பியிருக்கிறார்கள்.

ஒரு பஸ் நிறைய ஆட்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு போன் இருக்கும்.

எனக்கு ரயில் சத்தம் கேட்பதில்லை, உங்களுக்கு விசில் கேட்பதில்லை. நான் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன், என்னால் யாருக்கும் ஆபத்து இல்லை. நீங்கள் அப்படி இல்லை.

என்னால் அங்கே வர முடியாது. கோபத்தால் மட்டும் இல்லை. மதினி ஒரு நாள் காரைக்குடிக்குக் கூப்பிட்டது. பஸ் வந்து நின்றது, படியில் ஒரு காலை வைத்தேன், இன்னொரு காலைத் தூக்க முடியவில்லை. அந்த டிரைவர் உங்கள் வயதுக்காரர். "ஏறுங்கம்மா" என்று இரண்டு தரம் சொன்னார். திரும்பி நடந்து வந்துவிட்டோம்.

நீங்கள் வாருங்கள். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த வண்டியில்தான் வருவீர்கள் என்றால் அதிலேயே வாருங்கள். அது அப்படி என்னதான் செய்கிறது என்று நானும் பார்க்கிறேன்.

நாகவல்லி


கல்லல்
5.11.2024

ஆகாஷ் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து போனபோது பேச முடியாததை எழுதுகிறேன்.

மெலிந்து போயிருக்கிறீர்கள். சட்டை தோளில் நிற்கவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மதினி இன்னொரு கரண்டி வைத்ததும் நீங்கள் மறுக்காமல் சாப்பிட்டீர்கள், வைக்காமல் இருந்தாலும் கேட்டிருக்க மாட்டீர்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன் என்று தெரிந்தது.

"ஏறுறேன், ஓட்டுங்க" என்று நான் சொன்னதும் அண்ணன் வேண்டாம் என்று தடுத்தது. நீங்கள் கதவைத் திறந்துவிட்டீர்கள். காளையார்கோவில் ரோட்டில் வீடுகள் தாண்டுகிற வரை மெதுவாகத்தான் போனீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேர்ரோடு வந்ததும் என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். நான் தலையை ஆட்டினேன்.

அந்த விசில் சத்தம் வந்ததும் முதுகு சீட்டில் போய் ஒட்டியது. மரமெல்லாம் நம்மைப் பார்த்து ஓடி வந்தது. என் கை கதவைப் பிடித்தது, கால் தரையில் பிரேக்கைத் தேடியது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "மெதுவாப் போங்க, எனக்குப் பயமா இருக்கு."

உடனே காலை எடுத்துவிட்டீர்கள். வண்டி ஓரத்தில் நின்றது. "பயமா இருக்கா?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு நான் சொன்னது கேட்டது. அது போதும் என்று அப்போதே தோன்றியது.

இனி எனக்குப் பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். போனவன் போய்விட்டான், நானும் போனால் என்ன என்று. அந்த ரோட்டில் எனக்குச் சாகப் பிடிக்கவில்லை. உங்களையும் சாகவிடப் பிடிக்கவில்லை. நீங்கள் இறக்கிவிட்டுப் போன பிறகு என் மேலேயே கோபம் வந்தது. பிள்ளை இல்லாத இடத்தில் இன்னும் உயிரோடு இருக்க ஆசைப்படுகிறாளே என்று. அழுதாயா என்று மதினி கேட்டது. இல்லை. ஆனால் பசித்தது. கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன், கேட்கவில்லை. ஆகாஷுக்கும் அந்த நேரத்தில் இப்படிப் பயமாக இருந்திருக்குமோ என்று. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் போலீஸ்காரர் சொன்னார். தூங்கித்தான் இருந்திருப்பான். பஸ்ஸில் ஏறினால் தூங்கிவிடுகிற பிள்ளை. அப்படியே வைத்துக்கொள்வோம். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் சொன்னது உண்மை என்று நீங்கள் பார்த்துவிட்டீர்கள், நானும் பார்த்துவிட்டேன். இனி அதைக் கழற்றுங்கள். கிணற்றில் போட வேண்டாம். அக்ஷய் வைத்துக்கொள்ளட்டும். வேறு எந்தப் பிள்ளை வண்டியிலும் மாட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். கழற்றிய பிறகு வந்து என்னைக் கூட்டிப் போங்கள்.

நாகவல்லி


நாச்சியாபுரம்
17.11.2024

அன்புள்ள நாகவல்லிக்கு,

கழற்றியாகிவிட்டது. நீ சொன்ன மாதிரியே அக்ஷயிடம் சொன்னேன். அவன் அதை ஒரு எண்ணெய்த் துணியில் சுற்றி, பட்டறைக்குள் உயரத்தில் வைத்துவிட்டான். பழைய சைலன்சர் குழாயையும் மற்றதையும் மாட்டி, லேப்டாப்காரரை மறுபடி வரவழைத்துக் காரின் கணக்கையும் பழையபடி ஆக்கிவிட்டோம். இப்போது அது எல்லோரும் வைத்திருக்கிற கார்தான்.

சிவகங்கையில் டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை கொடுத்திருக்கிறார், மாதம் ஒரு தரம் வந்து உட்கார்ந்து பேசவும் சொல்லியிருக்கிறார். அவர் எழுதிக் கொடுக்கிற வரை பஸ் ஓட்டக் கூடாது. டெப்போவில் உள் வேலை தருகிறோம் என்றார்கள். சரி என்றேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லலுக்கு வருகிறேன். உனக்கு மனம் இருந்தால் துணிமணிகளை எடுத்துவை. இல்லையென்றால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறேன், அடுத்த வாரமும் வருகிறேன்.

பட்டறையில் இருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்தபோது நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். குன்றக்குடி தாண்டி ஒரு இடத்தில் லேசாக மிதித்தேன். கால் தன்பாட்டில் அந்த விசில் சத்தத்துக்குக் காத்திருந்தது. வரவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். அதற்கப்புறம் எனக்கு ரோடு தெரியவில்லை. எப்படியோ இடது பக்கம் ஒடித்து ஒரு புளியமரத்துக்குக் கீழே நிறுத்திவிட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டேன். நான் அப்படிச் சத்தம் போடுவேன் என்று எனக்கே தெரியாது நாகு. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அவன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். ஆடு மேய்க்கிற ஒருவர். கண்ணாடியை இறக்கினேன்.

"என்னண்ணே, வண்டி நின்னு போச்சா?"

"ஆமா."

"தள்ளி விடவா?"

"வேணாம். கொஞ்ச நேரத்துல கெளம்பிரும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். போகவில்லை. ஆடுகளை நிழலில் ஓட்டிவிட்டு, பானெட் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி, நான் முடிக்கிற வரை நின்றார்.

சேவுகப்பெருமாள்